கலைக்குள் கால் வைத்தவன்: குறுக்கெழுத்துக் குறிப்பவிழ்ப்பியல்

காலை ஆறரை மணிக்கு, "ஏங்க, கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்று வீட்டில் சொன்னால், நல்ல மனிதர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளம்பாமல், "இந்தக் கால் பாதமா, நாலில் ஒன்றா, துணைக்காலா?" என்று வாசற்படியில் ஒரு கணம் நிற்பவரும் உண்டு. அவரைப் பற்றியதே இவ்வாய்வு. அவர் வேறு யாருமில்லை, இதை எழுதுபவர்தான். ஆய்வுப்பொருளும் ஆய்வாளரும் ஒரே வேட்டிக்குள் இருப்பதால் களப்பணிக்கு ஆட்டோச் செலவு மிச்சம்.

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் குறிப்புகளை அவிழ்க்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. இதனாற் பயன் யாதோ எனின், யாதுமில்லை என்க.

குறுக்கெழுத்து இருவகைப்படும்: நேர்வகை, கிரிப்டிக் வகை. நேர்வகையில் "முக்கனியுள் ஒன்று (2)" என்று கேட்பார்கள். பலாவா வாழையா என்பது மட்டுமே ஐயம். மேலிருந்து கீழே வரும் சொல் அதையும் தீர்த்துவைக்கும். கிரிப்டிக் வகையில் கேள்வி கேள்வி போலவே இராது. "கால் ஒடிந்தால் கடிக்கும், மாடு தருவது (2)" என்று இருக்கும். படித்தவுடன் மனத்துக்குள் ஒரு நொண்டி மாடு வந்து நிற்கும். அது வந்து நின்றுவிட்டால் குறிப்பு எழுதியவர் வென்றார். மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டிவிட்டு எழுத்தை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் வழி தெரியும். மாடு தருவது பால், அதன் துணைக்கால் ஒடிந்தால் பல், பல் கடிக்கும்.

இங்கே குறிப்பு எழுதி விடையைப் பூட்டுபவரைப் பூட்டுவோர் என்றும் அதைத் திறப்பவரைத் திறவோர் என்றும் குறிப்போம். திறவோர் என்றால் பழந்தமிழில் ஆற்றல் மிக்கவர் என்று பொருள். இக்கட்டுரையாளர் அந்தப் பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார், தடுப்பார் யாருமில்லை.

குறிப்பு எதுவாயினும் அதற்கு இரண்டு பாதி. ஒரு பாதி விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ படுத்திருக்கும், நடுவில் படுக்காது. மறுபாதி அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் கொடுக்கும் வழி. இரண்டுக்கும் வேலி எங்கே என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். "பாட்டோடு ஊர் சுற்று, சர்ச்சில் நிற்பார் (3)" என்பதைப் பாருங்கள். கிடாருடன் அலையும் ஓர் இளைஞர் கண்முன் தோன்றுவார். அவரை விரட்டிவிடுங்கள். பாட்டு என்றால் பா, ஊர் சுற்று என்றால் திரி, சர்ச்சில் நிற்பவர் பாதிரி. காற்புள்ளிதான் வேலி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்த குறிப்பில் அதே காற்புள்ளி உங்களை ஏமாற்றவென்றே நிற்கும். கடைசியில் அடைப்புக்குள் இருக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றுதான் பொய் பேசாதது.

இனி வரலாறு. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். அவர் லிவர்பூலில் பிறந்தவர். அந்தக் குறுக்கெழுத்து நேர்வகை, பரம சாது. அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து போன பிறகுதான் அதற்குப் புத்தி கோணியது. 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் பூட்டத் தொடங்கினார். அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தி மனிதர்களை வதைத்தவரின் பெயர். 1939இல் அவர் இறந்தார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த டெரிக் மக்நட், பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர், சிமெனிஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அதுவும் ஒரு விசாரணைத் தலைவரின் பெயர். 1972இல் அடுத்து வந்த ஜோனதன் க்ரௌதருக்கு அஸெட் என்று பெயர். அதே பதவியில் இருந்த தேஸா என்பவரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் அது வரும். மூன்று பேர், மூன்றும் வதைகாரர் பெயர், மூன்றும் தாமே விரும்பித் தேடியவை. இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடைத்திராது.

நியாயம் பற்றிக் கவலைப்பட்டவரும் இவர்களுள் ஒருவர்தான். சிமெனிஸ் 1966இல் ஒரு புத்தகமே எழுதிச் சட்டம் வகுத்தார். குறிப்பில் வேலை இல்லாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது; திறவோரைத் தவறான வழியில் அனுப்பலாம், ஆனால் விடை தெரிந்தபின் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் சரியாக நின்றாக வேண்டும். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தேர்தல் வாக்குறுதி எழுதுவோர் யாரும் இன்னும் படிக்கவில்லை.

பயன் யாதுமில்லை என்று முன்னே சொன்னது பொருந்தாது, போரில் பயன் உண்டாயிற்றே எனின், அதுவும் அறிவோம். 1942 ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ அலுவலகத்தில் ஒரு போட்டி நடந்தது. 12 நிமிடத்துக்குள் கட்டத்தை நிரப்ப வேண்டும். கலந்துகொண்டவர்களுள் சிலருக்குப் பிறகு ராணுவத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெச்லி பார்க்குக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாண்டு கழித்து அதே பத்திரிகையின் கட்டங்கள் ராணுவத்தின் தூக்கத்தைக் கெடுத்தன. 1944 மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்ற சொற்கள் விடைகளாக வந்து விழுந்தன. அத்தனையும் நார்மண்டிப் படையிறக்கத்தின் ரகசியப் பெயர்கள்; படை இறங்கிய நாளோ ஜூன் 6. பூட்டியவர் லியோனார்ட் டாவ் என்ற பள்ளித் தலைமையாசிரியர். உளவுத்துறையினர் வந்து துருவித் துருவி விசாரித்தார்கள். அவர் ஒற்றர் இல்லை. கட்டம் நிரப்பப் பையன்களிடம் சொல் கேட்பது அவர் வழக்கம். பக்கத்து முகாம்களில் சிப்பாய்களிடம் கேட்டதைச் சொன்னோம் என்று பழைய மாணவர் ஒருவர் 1984இல் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் நான் பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதிய கதையும் ஏறக்குறைய இதுதான். எனக்கு மட்டும் பிரம்படி கிடைத்தது.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை மூட மனம் வரவில்லை. ‘கார்டியன்’ இதழில் அராகேரியா என்ற பெயரில் பல்லாண்டு பூட்டியவர் ஜான் கிரஹாம், ஒரு பாதிரியார். தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதை 2013 ஜனவரியில் ஒரு குறுக்கெழுத்தின் விடைகளாகவே வாசகர்களுக்குத் தெரிவித்தார். கட்டம் நிரம்ப நிரம்பத்தான் அவர்களுக்குச் செய்தி தெரிந்திருக்கும். அந்த ஆண்டு நவம்பரில் இறந்தார். கேலிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழில் எழுதும் ஆய்வுக் கட்டுரை நான்காம் பக்கத்துக்குள் "இது நம்மிடம் முன்பே இருந்தது" என்று நிறுவியாக வேண்டும் என்பது மரபு. மரபை மீற எனக்குத் துணிவில்லை. தவிர, இந்த முறை அது உண்மையும்கூட. 12ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால் பூட்டுவோரின் கருவிப்பெட்டி முழுக்க அங்கே இருக்கிறது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்தால் கரந்துறைச் செய்யுள். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்க வந்தால் மாலைமாற்று. எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம், கழித்துக்கொண்டே போனால் அக்கரச் சுதகம். பாலைப் பல்லாக்கியது வேறு அலங்கார நூல்களில் மாத்திரைச் சுருக்கம் என்று வரும். வினாவுத்தரமோ அச்சு அசல் குறுக்கெழுத்து. திரு, ஏகு, அம்பு, அம் என்று துண்டு துண்டாக விடை வருமாறு கேள்விகளை அடுக்கி, எல்லாம் சேர்ந்ததும் காஞ்சியின் திருவேகம்பம் வந்து நிற்கும்படி எடுத்துக்காட்டே இருக்கிறது. கட்டம் போடவில்லை, பக்கத்தில் (7) என்று எழுதவில்லை, அவ்வளவுதான் குறை.

ஒரு வேறுபாட்டை மறைப்பது ஆய்வறமாகாது. இந்தச் சித்திரகவிகளைப் பாடியவர் "இது மாலைமாற்று" என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் வித்தை காட்டுவார். பார்ப்பவர் வாய்பிளக்க வேண்டும், பொற்கிழி தர வேண்டும். குறிப்பெழுதுபவர் என்ன வித்தை என்பதையே மறைத்துவிடுவார். புலவருக்குத் தேவை பரிசில். இவருக்குத் தேவை நம் அவதி.

அப்படி வித்தையையும் மறைத்துச் சொன்னவர் நம்மிடையே ஒருவர் உண்டென்றால் அவர் ஔவையார். ஒருவரை அவலட்சணம் என்று நேராகத் திட்டாமல், எட்டையும் காலையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்று அவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. தமிழ் எண்களில் எட்டுக்கு எழுத்து அ. காலுக்கு, அதாவது நாலில் ஒன்றுக்கு, வ. திட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கோபப்பட்டிருக்க முடியும். உலகின் முதல் தாமதக் கோபம் இதுவென நாம் துணிகிறோம். திறவோர் இந்த இடத்தில் ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ என்பதையும் மனப்பாடம் செய்துகொள்வது நலம். பின்னால் வேண்டியிருக்கும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நாம் யாத்த நூற்பா வருமாறு:

தலையெனின் முதலெழுத்து, வாலெனின் ஈறே,
இடையெனின் நடுவது, காலெனின் கலங்கு.

(ஆசிரியப்பா போல ஒலிக்கிறது, ஆனால் தளை தட்டும். யாரும் அலகிட வேண்டாம்.)

காலெனின் கலங்கு என்றது என்னையெனின், தமிழில் அதைப் போல் துரோகம் செய்யும் சொல் வேறில்லை என்பதறிவித்தற்கு. அது துணைக்காலாக இருக்கலாம், கால்பங்காகி வ ஆகலாம். காற்று என்றும் பொருள்படும், வாய்க்காலின் பின்பாதியாகவும் ஓடும், பந்தக்காலாகவும் ஊன்றும். இப்போது பையிலிருந்து ஒலித்து, "ஒரு கால் வருது, பேசிட்டு வர்றேன்" என்று எழுந்துபோகவும் செய்கிறது.

இதைச் சோதிக்க என் மாமனாரையே எடுத்துக்கொண்டேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; நாற்பது வருடமாக ஆங்கில நாளிதழின் கிரிப்டிக்கைக் காபி ஆறுவதற்குள் முடிப்பவர். தமிழில் இதெல்லாம் வராது மாப்பிள்ளை என்பது அவர் கட்சி. நான் ஒரு துண்டுத்தாளில் "கலைக்குள் கால் வைத்தால் வருத்தம்தான் (3)" என்று எழுதிக் கொடுத்தேன்.

"சினிமாவுக்குப் போய்க் கெட்டவங்க கதையா?" என்றார்.

"அதுக்கு மேல சொல்லக் கூடாது மாமா."

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி. எடுத்தால் அத்தை. "மாப்பிள்ளை, இவர் எழுந்ததுலேருந்து ‘வ, வ’ன்னே சொல்லிட்டிருக்கார். வாய் கோணியிருக்கான்னு பார்த்தேன், இல்லை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?" பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "க-வ-லை! கவலைன்னு சொல்லு!" அத்தை, "கவலையெல்லாம் படாதீங்க, மாப்பிள்ளைகிட்ட பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று அவரைத் தேற்றினார்.

அவருக்கு அவ்வளவு நாள் பிடித்ததற்கு மொழியும் காரணம். ஆங்கிலத்தில் எழுத்து 26. எந்தச் சொல்லையும் குலுக்கிப் போட்டால் இன்னொரு சொல் விழும். அங்கே பல குறிப்புகள் குலுக்கலில்தான் ஓடுகின்றன. தமிழில் 247 எழுத்து. உயிர் மெய்யோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்துக் குலுக்க முடியாது. ஆகவே எழுத்துக் குலுக்கல் இங்கே அரிது. ஆனால் அமைந்துவிட்டால் அழகு. நகரத்தைக் குழப்பினால் நரகம். அந்த நரகத்தில் மாட்டிக்கொண்ட வாகனத்தைக் குழப்பினால் வானகம். மாலை ஆறு மணிக்குச் சென்னை கத்திப்பாராவில் நிற்பவர் எவரும் இவ்விரண்டையும் குறிப்பில்லாமலே அவிழ்த்துவிடுவார்.

இழந்த இடத்தில் திறவோருக்குத் தொல்காப்பியர் ஈடு செய்திருக்கிறார். சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரும், கடைசியில் எது நிற்கும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று அவர் மொழிமரபிலும் நூன்மரபிலும் சொல்லிக்கொண்டே போவதைப் பள்ளியில் படித்தபோது, இது யாருக்கு உதவும் என்று எரிச்சலாக இருந்தது. இப்போது தெரிகிறது, அது குறுக்கெழுத்துக் கையேடு. கட்டத்தில் ங் விழுந்துவிட்டதா? அடுத்த கட்டம் க வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் (‘அங்ஙனம்’ போன்ற சில கிழவர்களை விட்டுவிடுங்கள்). குலுக்க வேண்டிய எழுத்துகளில் ஓர் உயிரெழுத்து இருந்தால் அது போய் முதல் கட்டத்தில்தான் உட்காரும். ஆங்கிலத் திறவோருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

லகரம் மொழிக்கு முதலில் வாராது என்பதும் அவர் விதி. அந்த விதியை மீறியதால் பிறந்த குறிப்பு ஒன்றை இங்கே வைக்கிறேன். நானே பூட்டியது, அடக்கமாகச் சொல்ல முயல்கிறேன்:

"அம்மா லைட் போடுவதற்குள் வந்துவிடும் (2)"

விடை அம்மாவின் வாலிலும் லைட்டின் தலையிலும் இருக்கிறது: மா, லை. சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை ‘குள்’ சொல்லிவிடுகிறது. நேர்ப்பொருள் எங்கே என்று தேடினால் தனியாகக் கிடைக்காது, முழு வாக்கியமும் அதுவே. அம்மா சுவிட்சைத் தட்டுவதற்குள் மாலை வந்துதான் விடுகிறது. குறிப்பின் இரு பாதியும் ஒரே உடம்பாக நிற்கும் இவ்வகையை ஆங்கிலப் பூட்டுவோர் சிகரமாகக் கொண்டாடுவார்கள். கவனிக்க வேண்டியது, தூய தமிழில் ‘விளக்கு’ என்று எழுதியிருந்தால் இது செத்திருக்கும். அம்மாவை அடுத்து லை வர வேண்டுமானால் ஒரு வெள்ளைக்காரச் சொல் வேண்டும், அந்தச் சொல்லுக்கு ஒரு பல்பு வேண்டும், பல்புக்கு மின்சார வாரியம் வேண்டும். தண்டியாசிரியர் எவ்வளவு முயன்றிருந்தாலும் இதை எழுதியிருக்க முடியாது. ஆய்வாளர்கள் இதைக் காலவரையறைச் சான்றாகக் கொள்ளலாம்.

சிலேடை வகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காளமேகத்தைப் படித்த ஊரில் அதைச் சொல்லிக்கொடுப்பது திருநெல்வேலியில் அல்வாக் கடை வைப்பது போல. "சுடும் விடுமுறை (3)", ஞாயிறு, முடிந்தது. ஒலிவகையும் அப்படியே. "சுவரில் ஊர்வது என்று காதில் விழுந்தாலும் பிள்ளைகள் போகுமிடம் (3)" என்றால் பள்ளி. ஆங்கிலேயர் இதை ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள். நம்மிடம் தமிழ் ஐயா சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைத்தது இதற்குத்தான்.

திருப்பிப் படிக்கும் வகையில் ஒன்று: "சிவா திரும்பி வந்தால் படி (2)." இதை எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேரிடம் போட்டுப் பார்த்தேன். படி என்றதும் மூவர் மாடிப்படிக்குப் போனார்கள், ஒருவர் அரிசி அளக்கப் போனார். வாசி என்று சொன்னது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "எங்க மிஸ் தினமும் ‘வாசி, வாசி’ன்னுதான் அங்கிள் சொல்வாங்க" என்றாள். அறிவு முற்ற முற்றக் குறிப்பு அவிழாது என்று இதிலிருந்து ஒரு கோட்பாடு எழுதத் தொடங்கினேன். அந்தக் கோட்பாட்டின்படி நானே அவிழ்க்க முடியாதவன் ஆகிவிடுவேன் என்பதால் நிறுத்திவிட்டேன். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவு அறிவு முத்தலைங்க, தைரியமா எழுதுங்க" என்றாள்.

அவள் குறுக்கெழுத்துப் போடுவதில்லை. தேங்காய் துருவிக்கொண்டே நான் மூன்று நாளாகத் தேடிய விடையைச் சொல்லிவிட்டுத் துருவலைத் தொடருவாள். நான் கேட்டால், "நீங்க சத்தமா படிச்சீங்க, எனக்குக் கேட்டுது" என்பாள். நான் எழுதியதைக் கண்ணால் பார்க்கிறேன், அவள் காதால் கேட்கிறாள். ஒளிந்திருக்கும் சொல்லைக் காது முதலில் பிடித்துவிடுகிறது. இக்கட்டுரையில் உருப்படியாக ஒரு கண்டுபிடிப்பு உண்டென்றால் அது இது. குறிப்பை வாய்விட்டுப் படியுங்கள். பேருந்தில் வேண்டாம்.

சென்ற மாதத்திலிருந்து மளிகைப் பட்டியலும் மாறிவிட்டது. வாயால் சொன்னால் நான் வாசற்படியில் நின்று யோசிக்கிறேன் என்பதால், எழுதிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். முதல் வரியில் "கால் ஒடிந்தால் கடிக்கும், இரண்டு பாக்கெட்" என்று இருந்தது. பெருமையாக இருந்தது, பால் வாங்கி வந்தேன். அடுத்த நாள் காலையில் சின்ன வெங்காயம் என்று நேராகவே எழுதி, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்:

"ஒரு காடு. போகும் வழியில் இது வேணும் (4)"

காய்கறிக் கடையில் இதைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லியா சார்?" என்றார். எழுத்தை எண்ணினேன், ஆறு வந்தது. குடை என்றால் இரண்டு. செருப்பு நாலு எழுத்துதான், ஆனால் காட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? வெங்காயப் பையை ஒரு கையிலும் சீட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, முல்லை, குறிஞ்சி, அடவி, கானகம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். விடை பளிச்சென்று கிடைத்தபோது, தெருமுனையில் கேபிள் போடத் தோண்டியிருந்த பள்ளத்துக்குள் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தேன்.